பச்சை உடம்புக்கும் சம்பளம் உண்டு: பேறுகால விடுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவில் 16 வருடம் இருந்தேன். இப்போது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் வாரத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, வருகிற பெண்களுக்கு மனு எழுதித் தருகிறேன். பவர் டேபிள் டெய்லர், செக்கிங் பெண், ஜவுளிக்கடையில் நிற்பவர், தனியார் பள்ளி டீச்சர் என்று பலரும் வருகிறார்கள். பேறுகால விடுப்பைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சம்பளப் பட்டியலை உள்ளே இருந்து பார்த்தவள்.

விடுப்பு கொடுத்தால் போதாதா? வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் எதற்கு?

முதலாளிகள் மட்டுமில்லை, வீட்டு ஆண்களும் கேட்கிற கேள்வி இது. இதற்கு நான் ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்வேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஓவர்லாக் மெஷினில் ஒரு டெய்லர். காண்ட்ராக்டர் மூலம் வந்தவள் என்பதால் கம்பெனி மஸ்டரில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், அவள் பெயர் கிடையாது. எட்டாம் மாதம் ஆனதும், "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு கண்ணு, பிள்ளை பெத்துட்டு எப்ப வேணாலும் வா, உன் மெஷின் இருக்கும்" என்று காண்ட்ராக்டர் அனுப்பி வைத்தார். அன்பாகத்தான் சொன்னார், மெஷினையும் காலியாகத்தான் வைத்திருந்தார். சம்பளம் மட்டும் இல்லை.

குழந்தை பிறந்த 38ஆம் நாள் அவள் அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி, மளிகைக் கடையில் கடன். பதினோரு மணி டீ நேரத்தில் பார்த்தேன், ஜாக்கெட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. கட்டிங் டேபிளுக்குக் கீழே கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள். மத்தியானம் பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல், கக்கூஸில் நின்று பீச்சிவிட்டு வந்தாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி அவள் குழந்தைக்குப் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு யாரும் விடுப்பு மறுக்கவில்லை. அந்த விடுப்பில் வீட்டில் உட்கார அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். சம்பளம் இல்லாத விடுப்பு, சேமிப்போ வசதியோ இருக்கிற வீட்டுக்குத்தான் பயன்படும். வாரக்கூலியில் ஓடுகிற வீட்டில் அது வேலைநீக்கத்துக்கு இன்னொரு பெயர்.

26 வாரம் என்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?

கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே சுமார் ஆறு வாரம் ஆகும். அறுவை சிகிச்சை என்றால் வயிற்றுத் தசை கூடுவதற்கு அதைவிட அதிக நாள் வேண்டும். தமிழ்நாட்டில் இது சிலருடைய பிரச்சினை இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தையல் போட்ட வயிற்றோடு பத்து மணி நேரம் மெஷினில் குனிந்து உட்கார்வதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் தாய்ப்பால். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரிலும் அதுதான் எழுதியிருக்கிறது. ஆறு மாதம் என்றால் 26 வாரம். சுவரில் ஒன்றை எழுதிவிட்டு மூன்றாம் மாதமே ஷிப்டுக்கு வரச் சொன்னால், அந்தச் சுவரைப் படிக்கிற தாய்க்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். பிரசவத்துக்கு முன்னால் சில வாரங்களை எடுத்துக்கொண்டால் பிறகு மிஞ்சுவது இன்னும் குறைவு. என்னைக் கேட்டால் 26 வாரம் குறைச்சல்.

"நாங்கள் எல்லாம் பெற்ற மறுவாரமே களை எடுக்கப் போனோம்" என்கிறார் மாமியார். அவருக்கு என்ன சொல்வது?

அவர் போனது உண்மைதான். அதை மறுத்துப் பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது அத்தை?" என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். அடி இறங்கிப் போனது, இடுப்பு வலி இன்றுவரை விடாதது, பால் வற்றிப்போய் இரண்டாவது குழந்தை நிற்காமல் போனது என்று ஒவ்வொன்றாக வரும். அவர்களுக்கு அதைச் சொல்ல இடமே இருந்ததில்லை.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்வது நம் வழக்கம். பச்சை உடம்பு காற்றில் நிற்கக் கூடாது, தண்ணீரில் கை வைக்கக் கூடாது, பூண்டுக் குழம்பும் பத்தியமும் கொடுக்க வேண்டும், தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று சொன்ன ஊர் இது. ஓய்வு வேண்டும் என்பது நமக்கு யாரும் வெளியே இருந்து வந்து சொல்லித்தர வேண்டியது இல்லை. கூலிக்குப் போகிற வீட்டில் அந்த ஓய்வுக்குக் காசு இல்லாமல் போனது, அதனால் மறுவாரமே களைக்கொத்தை எடுக்க வேண்டி வந்தது. காசு இருந்திருந்தால் அத்தையும் உட்கார்ந்திருப்பார்.

இது கம்பெனி செய்கிற தர்மமா, நம் உரிமையா?

உரிமை. அதுவும் நேற்று வந்தது இல்லை. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு போட்ட மூன்றாவது உடன்படிக்கையே பேறுகாலப் பாதுகாப்புதான்: பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம், பண உதவியோடு. இந்தியாவில் முதலில் சட்டம் வந்தது பம்பாய் மாகாணத்தில், 1929இல். அதற்கு முந்தைய வருடம் அந்த மசோதா மாகாணச் சட்டசபையில் விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் எழுந்து ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே நல்லது, அதனால் இந்தச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும், ஆனால் அவள் உழைப்பால் லாபம் பார்க்கிற முதலாளி முழுக்க விலகிக்கொள்ளவும் முடியாது என்பது அவர் வாதம். யார் பணம் கொடுப்பது என்ற சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன், முக்கியமான சண்டை அது.

1934இல் சென்னை மாகாணத்துக்கும் ஒரு சட்டம் வந்தது. நாடு முழுக்கப் பொதுவாக 1961இல் மகப்பேறு நலச் சட்டம். அது 12 வாரம் கொடுத்தது. 2017இல் அது 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பேறுகால உரிமைகள் அதன் ஆறாம் அத்தியாயத்தில் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. "பழைய சட்டம் போயிடுச்சு, இனிமேல் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு எத்தனை நாள் கிடைக்கும்?

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் அதிகபட்சம் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். மீதி பின்னால். உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்து, அடுத்தது பிறந்தால் 12 வாரம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையைத் தத்தெடுக்கிறவருக்கும், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறுகிறவருக்கும், குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் என்று 2017 திருத்தம் எழுதியது.

பிரசவம் முடிந்த அடுத்த ஆறு வாரம் உங்களை வேலைக்கு வைப்பதே குற்றம். நீங்களே விரும்பி வந்தாலும் முதலாளி வேலை கொடுக்கக் கூடாது.

எத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்?

பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள். "ஒரு வருஷம் முடியாம கிடையாது", "பெர்மனென்ட் ஆனா மட்டும்தான்" என்பதெல்லாம் சும்மா சொல்வது. சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாளும், கம்பெனியே வேலை இல்லை என்று நிறுத்தி வைத்த லே-ஆஃப் நாளும் இந்த 80இல் சேரும். ஆர்டர் இல்லாத மாதங்களில் உட்கார வைக்கப்படுகிற பனியன் தொழிலாளிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தை எப்படிக் கணக்குப் போடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமைக்கும் உண்டா?

உண்டு. இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

கோவை மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு, விடுப்புக் காலத்தில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டுப் பணம் கொடுத்தார்கள். தினக்கூலிக்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை கூலி கிடையாதே, அதனால் இப்போதும் கிடையாது என்பது நிர்வாகத்தின் வாதம். அவர் விடவில்லை. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977இல் தீர்ப்பு வந்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தப் பணம் அவள் வயிற்றை நிரப்ப மட்டும் இல்லை, இழந்த தெம்பைத் திரும்பப் பெறவும், குழந்தையைப் பேணவும், பழைய திறமையோடு வேலைக்குத் திரும்பவும்தான் என்றும் விளக்கியது.

கணக்கு போட்டுப் பாருங்கள். விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் உங்கள் சராசரி தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 வாரத்துக்கு 182 நாள், 91,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 156 நாள், 78,000 ரூபாய். ஒரு தோட்டத் தொழிலாளி பிடித்த பிடிவாதத்தால் உங்கள் கைக்கு 13,000 ரூபாய் கூடுதலாக வருகிறது.

பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை, கர்ப்பத்துக்கான சான்றிதழைக் கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்த சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கம்பெனி இலவச மருத்துவக் கவனிப்பு ஏற்பாடு செய்யவில்லை என்றால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. "திரும்ப வேலைக்கு வா, அப்போது மொத்தமாகத் தருகிறேன்" என்று பிடித்து வைப்பது தவறு. அந்த வாக்கை நம்பி வட்டிக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அப்படியானால் யார் தருவார்கள்?

இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம். கம்பெனி தர வேண்டியது இல்லை. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். 13,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடம் பிடிப்பது மாதம் 97 ரூபாய் 50 காசு, கம்பெனி கட்டுவது 422 ரூபாய் 50 காசு. இதற்குத்தான் 26 வாரம் முழுச் சராசரிச் சம்பளம் வருகிறது. முந்தைய இரண்டு சந்தா காலத்தில், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற அரையாண்டுகளில், மொத்தம் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிடித்தம் சீட்டில் இருக்கும், ஆனால் கணக்கில் ஏறியிருக்காது. அல்லது 26 நாள் வேலை பார்த்தவருக்கு 12 நாள் என்று காட்டியிருப்பார்கள். இதை நான் உள்ளே இருந்து பார்த்தவள். கர்ப்பம் உறுதியான அன்றே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய், உங்கள் எண்ணைச் சொல்லி எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். எட்டாம் மாதத்தில் தெரிந்தால் சரி செய்ய நேரம் இருக்காது.

அரசு ஊழியருக்கு ஒரு வருடம். எங்களுக்கு மட்டும் ஏன் ஆறு மாதம்?

நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2011இல் ஆறு மாதமாகவும், 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை 1 முதல் 12 மாதமாகவும் உயர்த்தினார்கள். அந்த விடுப்பு தகுதிகாண் பருவத்திலும் சேர்த்துக் கணக்கிடப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம், அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் கலெக்டர் ஆபீஸில் டைப் அடிக்கிற தாயின் உடம்பும், எதிர்ச்சாரியில் ஓட்டலில் மாவாட்டுகிற தாயின் உடம்பும் ஒரே மாதிரிதான் ஆறுகின்றன. அரசு தன் ஊழியருக்கு 12 மாதம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, மற்றவர்களுக்கு அது ஏன் வேண்டாம் என்பதற்கு யாரிடமும் மருத்துவக் காரணம் இல்லை. பணக் காரணம் மட்டும்தான்.

மூன்றாவது குழந்தை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். சரிதானா?

தனியார் நிறுவனம் என்றால் 12 வாரம் கட்டாயம் உண்டு, முழுதாக மறுக்க முடியாது. அரசுப் பணியில் இரண்டு குழந்தை விதி இருக்கிறது. ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியையின் வழக்கில் சொன்னதைப் பாருங்கள். முதல் திருமணத்தின் இரண்டு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் வளர்கிறார்கள். மறுமணத்தில் குழந்தை பிறக்கப்போகிறது. இது மூன்றாவது என்று விடுப்பு மறுக்கப்பட்டது, உயர் நீதிமன்ற அமர்வும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, அவருக்கு விடுப்பு கொடுக்க உத்தரவிட்டது.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். எத்தனையாவது குழந்தை என்று பார்த்துத் தையல் ஆறுவது இல்லை. பக்கத்து இலங்கையில் மூன்றாவது குழந்தை முதல் பாதி நாள்தான் என்று இருந்ததை 2018இல் மாற்றி, எல்லாக் குழந்தைக்கும் 84 நாள் என்று ஆக்கினார்கள். நாமும் அதைச் செய்யலாம்.

கரு கலைந்துவிட்டால்?

ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மருத்துவச் சான்று வேண்டும். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடம்பு கெட்டால் மேலும் ஒரு மாதம் வரை உண்டு. கருத்தடை அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம்.

கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு பெண் என்னிடம், "அக்கா, கையில குழந்தை இல்லையே, எந்த முகத்தோட லீவு கேக்கறது?" என்றாள். கேளுங்கள் தங்கச்சி. சட்டம் உங்கள் கையைப் பார்க்கவில்லை, உடம்பைப் பார்க்கிறது.

காண்ட்ராக்ட், தினக்கூலி வேலைக்கு உண்டா?

உண்டு. டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண் தொழிலாளர்கள் போட்ட வழக்கில் 2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்றே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது. ரோட்டுக்குப் பள்ளம் தோண்டுகிற தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்றது. ஒப்பந்த காலம் விடுப்பின் நடுவே முடிந்துவிட்டால்கூட முழுக் காலத்துக்கும் பணம் தர வேண்டும் என்று 2023இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. தனியார் பள்ளிகளில் ஏப்ரலில் நிறுத்தி ஜூனில் திரும்ப எடுக்கிற வழக்கம் இருக்கிறதே, அங்கே இருக்கும் டீச்சர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சொன்ன ஓவர்லாக் டெய்லருக்கும் இந்த உரிமை இருந்தது. எனக்கு அன்று தெரியாது. அதைவிட மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மஸ்டரில் பெயர் இருந்த வேறு ஒரு பெண், ஏழாம் மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். "தானாக நின்றுவிட்டார் என்று போடு" என்று மேலே இருந்து சொன்னார்கள். நான்தான் அந்த வரியை எழுதினேன். என் கையெழுத்தில். அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில். அந்த வேலையை விட்டு வந்து இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சிவப்புக் கோடு கண்ணை விட்டுப் போகவில்லை.

இப்படி எல்லாம் கேட்டால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்களே?

எடுக்காமல் இருக்கிறார்கள், அது உண்மை. நேர்காணலில் "கல்யாணம் எப்போ? குழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்கிறார்கள். புதிதாகக் கல்யாணம் ஆன பெண்ணின் விண்ணப்பத்தை ஓரமாக வைக்கிறார்கள். நானே அந்தக் கட்டுகளைப் பிரித்திருக்கிறேன்.

ஆனால் குறை விடுப்பில் இல்லை, பணம் வருகிற வழியில் இருக்கிறது. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கு 26 வாரச் சம்பளத்தை அவளுடைய கம்பெனியே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பத்துப் பேர் இருக்கிற ஒரு சின்ன ஆபீஸுக்கு அது பாரம்தான். எட்டு ஆண், இரண்டு பெண் என்று வைத்திருப்பவருக்குச் செலவு குறைவு, எட்டுப் பெண்களை வைத்திருப்பவருக்குச் செலவு அதிகம் என்றால், பெண்களை எடுத்ததற்கு அபராதம் போட்ட மாதிரி ஆகிறது. இ.எஸ்.ஐ.யில் இந்தச் சிக்கல் இல்லை. ஆண் தொழிலாளிக்கும் பெண் தொழிலாளிக்கும் ஒரே சதவீதம் கட்டுகிறார்கள், பொதுப் பானையில் இருந்து பணம் வருகிறது. பெண்ணை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதலாளிக்குச் செலவு ஒன்றுதான்.

2000இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது: குறைந்தது 14 வாரம், சம்பளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, பணம் சமூகக் காப்பீட்டில் இருந்தோ அரசு நிதியில் இருந்தோ வர வேண்டும், தனி முதலாளி தலையில் விழக் கூடாது. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை. இங்கே 2017இல் கூடுதலாக்கிய 14 வாரத்தில் ஏழு வாரச் சம்பளத்தை அரசு திருப்பித் தரும் என்று 2018இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் ஒரு யோசனை சொன்னது. எனக்குத் தெரிந்த எந்தக் கம்பெனிக்கும் அப்படி ஒரு ரூபாய் வந்ததில்லை. அரசே பெரும்பங்கைத் தர வேண்டும் என்று அம்பேத்கர் 1928இல் கேட்டதை நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நஷ்டம் என்று பேசுகிற முதலாளிகளுக்கு நான் ஒரு கணக்கு சொல்வது உண்டு. ஒரு பெண் 30 வருடம் வேலை பார்க்கிறாள், இரண்டு குழந்தை பெறுகிறாள் என்றால், 1,560 வாரத்தில் 52 வாரம்தான் விடுப்பு. நூற்றுக்கு மூன்று சொச்சம். ஒரு நல்ல பேட்லாக் டெய்லரை இழந்துவிட்டுப் புது ஆளைப் பழக்கி, பீஸ் ரிஜெக்ட் ஆகி, ஷிப்மென்ட் தள்ளிப்போய் நஷ்டப்பட்டவர்களுக்கு அந்த மூன்று பெரிதாகத் தெரியாது.

திரும்பி வேலைக்கு வந்த பிறகு?

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும். பல இடங்களில் காப்பகம் என்று எழுதிய அறை இருக்கும், பூட்டியிருக்கும், உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பார்கள். ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும் ஒரு தொட்டில் வரும்.

அப்பாவுக்கு விடுப்பு கிடையாதா?

மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியாரில் சட்டப்படி ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வீட்டு வேலை, கட்டட வேலை, காட்டு வேலை செய்கிறவர்களுக்கு?

இங்கேதான் எனக்கு ஆறவே ஆறாது. சம்பளத்தோடு விடுப்பு என்று நான் மேலே எழுதியது எதுவும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்குப் பொருந்தாது. அவருக்கு முதலாளி என்று காட்ட ஒருவர் இல்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணை தவணையாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. முதல் இரண்டு பிரசவத்துக்கு, 19 வயது நிறைந்த ஏழைப் பெண்களுக்கு. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டப் பணமும் இதோடு சேர்ந்துதான் வருகிறது. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்கிற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் எதுவும் நகராது. கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலைத் தொழிலாளி நல வாரியங்களிலும் பேறுகால உதவி உண்டு. அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

வாங்க வேண்டிய பணம்தான், விடாதீர்கள். ஆனால் 500 ரூபாய் கூலிக்கு 14,000 என்பது 28 நாள். ஓவர்லாக் டெய்லர் திரும்பி வந்தது 38ஆம் நாள்.

எட்டாம் மாதம். ஆபீஸில் ஏதோ தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

படிக்காமல் போட வேண்டாம். விடுப்பு விண்ணப்பம் என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்தில் வாங்கிவிடுவது நடக்கிறது. விடுப்புக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள்: எந்தத் தேதியில் இருந்து வரமாட்டேன், பிரசவ தேதி எது, பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்கத் தவறியிருந்தாலும் குழந்தை பிறந்த பிறகு கொடுக்கலாம், உரிமை போய்விடாது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம், அடையாள அட்டை மூன்றையும் போட்டோ எடுத்து அம்மாவின் போனிலும் போட்டு வையுங்கள்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், சம்பளத்தைக் குறைப்பதும் சட்டவிரோதம். நீக்கிய உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், இந்தக் கெடு முக்கியம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

நாளைக்கே தாளை நீட்டினார்கள் என்றால், "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். செவ்வாய், வியாழன், சனி மதியம் மூன்று மணிக்கு மேல் நான் சங்க அலுவலகத்தில் இருப்பேன். உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம்.